வாரம் ஒரு கேன்

ஜூன் 5, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது டாக்டரம்மா நிலோஃபர். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள். எங்கள் தாழைவெளியில், அதுவும் மேலத்தெருவில் மட்டும், இத்தனை பேருக்கு ஏன் கிட்னி கெடுகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். வீட்டுக்கு ஒரு நோட்டு. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தோம், எந்தத் தண்ணீர் என்று எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு.

"வேற ஏதாச்சும் எழுதுனா தப்பா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம்யா. தண்ணிக் கணக்கை மட்டும் விட்டுடாதீங்க."

இஷ்டம் என்று சொன்ன பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? இருபத்து நாலு வருடமாகப் பஞ்சாயத்து ரிஜிஸ்டரில் 'மோட்டார் காலை 5.30 ஆன், 7.00 ஆஃப்' என்று மட்டுமே எழுதிக் கொண்டிருப்பவன் நான். பெயர் தெய்வசிகாமணி. டேங்க் ஆபரேட்டர். வயது ஐம்பத்தெட்டு. மேலத்தெருவில் என்னைத் திட்டாத வாயும் கிடையாது, நான் திறந்து விடும் தண்ணீரைக் குடிக்காத வாயும் கிடையாது.

கீழத்தெருவுக்குப் பழைய கிணறு. மேலத்தெருவுக்கு எங்கள் போர்வெல். எங்கள் போர் சாதாரண போர் இல்லை. அது போட்டபோது குழாய் நிலக்கரிப் படுகையைத் தாண்டி இறங்கியது. முதலில் கருப்புக் கசடு, அப்புறம் தண்ணீர் தானாகவே பொங்கி வந்தது. மோட்டாரே வேண்டாம், வாய் நிறைய ஊற்றும். டேங்க்கில் ஏற்றத்தான் மோட்டார். அன்றைக்குத் தேங்காய் உடைத்தவன் நான். தண்ணீர் லேசாக டீ நிறம் அடிக்கும். அதனால் என்ன? துவரம்பருப்பு மூன்று விசிலில் மலர்ந்துவிடும். கீழத்தெருக்காரர்கள் ஆறு விசில் விட்டுக் கொண்டிருப்பார்கள்.

தண்ணீர்: ஒன்பது டம்ளர். எங்கள் போர்.

ஜூன் 6

எட்டு டம்ளர். காலையில் ஒரு சொம்பு குடித்தேன், அதை எத்தனை டம்ளர் என்று போடுவது என்று கேட்க வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

இன்று கேன் போகிற நாள்.

என் ஒரே மகள் தமிழரசியை விருத்தாசலத்தில் கொடுத்திருக்கிறேன். பதினொரு வருடம் ஆகிறது. மறுவீட்டுக்கு வந்து திரும்பும்போது, "அப்பா, அந்த ஊர்த் தண்ணி தொண்டையில எறங்கல" என்று கண்ணைக் கசக்கினாள். அந்த வாரமே இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கி, நிரப்பி, விருத்தாசலத்திலிருந்து வந்து இங்கேயே திரும்பிப் போகிற ஒன்பதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் அய்யாதுரை நம்ம ஆள். அங்கே நிறுத்தத்தில் இறக்கி வைப்பான், மாப்பிள்ளை வந்து எடுத்துக் கொள்வார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. புயல் வந்து பஸ் ஓடாத வாரம்கூட செவ்வாய்க்கிழமை அனுப்பினேன்.

விருத்தாசலம் தண்ணீரை மனிதன் குடிக்க முடியாது என்பது என் கருத்து. குடித்துப் பார்த்ததில்லை. மகள் வீட்டுக்குப் போனாலும் என் பாட்டிலை எடுத்துக் கொண்டுதான் போவேன், அன்றைக்கே திரும்பியும் விடுவேன். டேங்க்கை யார் பார்ப்பது?

ஒன்பது டம்ளர்.

ஜூன் 14, புதன்

காலி கேன் திரும்பி வந்தது. காலி என்று சொல்லக் கூடாது. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அஞ்சலாட்சி மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறாள். அஞ்சலாட்சி என் மனைவி. அரசி அதை இம்மி பிசகாமல் செய்வாள். கேனின் காதில் ஒரு பை கட்டி வரும். பை நிறைய முருங்கைக்காய். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருக்கிறது. ஒவ்வொரு காயும் ஒரு முழத்துக்கு மேல், சதை அப்படி.

"இந்த ஊரு வெயில்ல எப்பிடி இப்பிடிக் காய்க்குது அந்த மரம்?" என்றேன், சாம்பாரில் மூன்றாவது காயைச் சப்பிக் கொண்டே.

"நல்லாத் தண்ணி ஊத்துறா போல" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி முந்தானையால் வாயைத் துடைத்துக் கொண்டாள். அவள் சாப்பிடவே இல்லை, எதற்குத் துடைத்தாள் என்று தெரியவில்லை.

பேத்தி நறுமுகை போனில் வந்தாள். ஆறு வயது. "தாத்தா, ஞாயித்துக்கெழம தண்ணி வரும்ல? முருங்க கேட்டுச்சு" என்றாள். குழந்தைக்கு மரமும் ஆளும் ஒன்று.

ஒன்பது டம்ளர், சாம்பார் தனி.

ஜூன் 20

ரத்தம் எடுத்தார்கள். மேலத்தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வரிசை. என் பங்காளி வைத்திலிங்கம் மட்டும் வரவில்லை. அவனுக்கு இன்று டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு நாள் கடலூருக்குப் போகிறான். என் அண்ணன் இதே நோயில்தான் போனார், ஆறு வருடம் முன்பு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பீடி கிடையாது. எங்கள் ரத்தவாகு அப்படி என்று ஊரில் பேச்சு. மேலத்தெருவில் பெண் எடுக்கக் கூட யோசிக்கிறார்கள்.

செருப்பு இறுக்கமாக இருக்கிறது. புதுச் செருப்பு, இன்னும் பழகவில்லை. போன தீபாவளிக்கு வாங்கியது.

ஜூன் 29, வியாழன்

முடிவு வந்தது. கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள், கிட்னி கெடக் கெட அது ஏறுமாம். அஞ்சலாட்சிக்கு ஒன்றரையைத் தாண்டவில்லை, கவனமாக இருந்தால் போதும் என்றார்கள். எனக்கு 2.1.

"பயப்படாதீங்கய்யா. ஆரம்பத்துலயே பாத்துட்டோம். உப்பைக் கொறைங்க. உடம்பு வலிக்குன்னு மெடிக்கல்ல வாங்குற மாத்திரையை நிறுத்துங்க. வைத்திலிங்கம் ஐயா மாதிரி ஆகாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது டாக்டரம்மா. இது ரத்தத்துல வர்றதா? எம் பொண்ணுக்கும் வருமா?"

"அதைத்தான் நாங்களும் பாக்குறோம். வெளியூர்ல வாக்கப்பட்டுப் போன பொண்ணுங்களையும் பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்குப் பயமில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30

பயம் என்று பார்த்தால் அரசியை நினைத்துத்தான்.

ஜூலை 2, ஞாயிறு

கேன் அனுப்பினேன். அய்யாதுரை, "என்னாண்ணே, மூச்சு வாங்குது?" என்றான். வெயில் என்றேன்.

ஜூலை 8, சனி

வயிற்றில் பாலை வார்த்தார் டாக்டரம்மா. வார்த்த கையோடு புளியையும் கரைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். இது ரத்தவாகு இல்லையாம். மேலத்தெருவில் பிறந்து கல்யாணமாகி வெளியூர் போன முப்பத்தேழு பெண்களைப் பார்த்தார்களாம். நோய் இல்லை. வெளியூரிலிருந்து மேலத்தெருவுக்கு மருமகளாக வந்தவர்களில் பலருக்கு இருக்கிறது. ரத்தம் என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? கீழத்தெருவில் எங்கள் பங்காளிகளே நாலு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கும் இல்லை.

"அப்ப என்னாதான் காரணம்?"

அவர் டம்ளரைக் காட்டினார். அஞ்சலாட்சி அவருக்குக் கொடுத்த தண்ணீர், தொடாமல் இருந்தது.

"டீத்தூளைத் தண்ணியில ஊற வெச்சா சாயம் எறங்குதில்லையா? உங்க போர்த் தண்ணி கரிப் படுகைக்கு அடியில எத்தனையோ காலமா கிடக்குது. கரியும் ஒரு காலத்துல மரம், செடிதானே. அதுல இருக்குற சில சேர்மங்கள் தண்ணியில கரைஞ்சு வருது. ஒரு நாள்ல, ஒரு வருஷத்துல ஒண்ணும் தெரியாது. இருபது வருஷம் குடிச்சா கிட்னி தாங்காதுன்னு சந்தேகப்படுறோம். இன்னும் முழுசா நிரூபிக்கல. ஆனா சந்தேகம் பலமா இருக்கு."

"காய்ச்சிக் குடிச்சா?"

"அதை நம்பி விட முடியாதுங்கய்யா."

பிறகு காகிதத்தைப் புரட்டி, "உங்க பொண்ணு தமிழரசி, போய்ப் பதினொரு வருஷம். அவங்களுக்கு இனிமே கவலை இல்லை. ரத்தம் எடுக்கணும், அவசரமில்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, அடுப்பங்கரையில் கழுவிக் கவிழ்த்திருந்த கேனைப் போய்ப் பார்த்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

கேன் போகவில்லை.

"என்னாங்க, மணி ஒம்போதாவுது, கேன் ரொப்பலையா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். மோட்டாரில் கோளாறு என்றேன். எங்கள் போருக்கு மோட்டாரே வேண்டாம் என்று இருபத்து நாலு வருடமாக அவளிடம் பீற்றிக் கொண்டவன் நான். அவள் கேனைத் திரும்ப அடுப்பங்கரையில் வைத்தாள்.

அரசி போன் செய்தாள். கேன் ஏன் வரவில்லை என்று கேட்பாள் என்று மோட்டார் கதையைத் தயாராக வைத்திருந்தேன். "பரவால்லப்பா. எதுக்குப்பா ஒங்களுக்கு சிரமம்? நிறுத்திடுங்களேன்" என்றாள். குரலில் என்ன பாசம். இந்தப் பிள்ளைக்கா நான்...

ஜூலை 10

போர் போட்ட நாளிலிருந்து கல்யாணம் வரை பிறந்தகத்தில் பதின்மூன்று வருடம் குடித்தாள். போன இடத்தில் பதினொரு வருடம். கூட்டினால் இருபத்து நாலு.

ஜூலை 12, புதன்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். பள்ளிக்கூடத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எம் பொண்ணு போகலைங்க, எங்க தண்ணி பின்னாலயே போச்சு, நான்தான் அனுப்பினேன் என்று. ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார், அவருடைய பாட்டிலில் இருந்து. பிறகு பாரத்தை எடுத்தார். குடும்பத் தலைவர் சொன்னால் போதும், அதுதான் பாரத்தின் முறை. வாரம் எவ்வளவு? இருபது லிட்டர். எத்தனை வருடம்? பதினொன்று. யார் குடிப்பது? மகள்தான், வேற யாரு. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொண்டார். விருத்தாசலத்திலேயே ரத்தம் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

அரசியிடம் காரணம் சொல்லவில்லை. "சும்மா எல்லாருக்கும் எடுக்குறாங்க, நீயும் குடு" என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

கேன் இல்லை. அஞ்சலாட்சி கேட்கவும் இல்லை.

ஜூலை 19

நான்கு டம்ளர். பசிக்கவில்லை, தாகமும் இல்லை. முருகா, எனக்கு என்ன வேண்டுமானாலும் கொடு. அவளை விட்டுவிடு. எனக்கு மொட்டை ஒன்று, அஞ்சலாட்சிக்குக் காவடி ஒன்று. அவளைக் கேட்காமல் வேண்டிவிட்டேன், சமாளித்துக் கொள்ளலாம்.

ஜூலை 22, சனி

0.7!

அரசிக்கு 0.7. சிறுநீரிலும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா போனில் சொன்னதும் நான் டேங்க் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலாட்சி சேமியா பாயசம் வைத்தாள். வைத்திலிங்கத்துக்குக் கொடுக்க முடியாது, மற்றபடி தெரு முழுக்கக் கொடுத்தேன்.

"ரொம்ப சந்தோஷம்யா. ஆனா இருபத்து நாலு வருஷக் கணக்கு. சில பேருக்கு மெதுவாத்தான் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றும் சொன்னார் டாக்டரம்மா. அது அவருடைய வழக்கம். டாக்டர்கள் முழுதாகச் சந்தோஷப்பட மாட்டார்கள்.

டீக்கடையில் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. பதினொரு வருடம் வெளியூரிலும் இதே தண்ணீரைக் குடித்தவளுக்கு ஒன்றும் இல்லை என்றால் தண்ணீர் மேல் என்ன குற்றம்? உரக்கச் சொன்னேன். கடையே கை தட்டியது.

ஜூலை 23, ஞாயிறு

பஸ்ஸில் கூட்டம். கேனை ஏற்ற முடியவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

ஊரில் இப்போது என் பேச்சுதான். போரை மூடப் போகிறார்கள் என்று எல்லோரும் கலங்கிக் கிடந்தார்கள். தானாக ஊற்றும் தண்ணீரை விட்டுவிட்டு கூட்டுக் குடிநீர்க் குழாய்க்கு யார் தவம் கிடப்பது? பஞ்சாயத்துத் தலைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில நீதான் பேசணும் சிகாமணி. டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. ஒம் பொண்ணு கதய சொன்னாப் போதும், சனம் கேட்டுக்கும்."

டாக்டரம்மா முகம் வாடியிருந்தது. "ஒருத்தரை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வைத்திலிங்கத்தைப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தான். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கயிறு போலத் தடித்திருந்தது. நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டான்.

"பாப்பா நல்லாருக்குறது சந்தோசம்டா. சாமிக்கு ஒரு கும்பிடு. ஆனா ஒண்ணு. தண்ணி நல்ல தண்ணின்னா, நான் எதனாலடா இப்பிடிக் கெடக்குறேன்?"

எனக்கு வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

கேனுடைய மூடி காணவில்லை. மூடி இல்லாமல் எப்படி அனுப்புவது?

ஆகஸ்ட் 2

மூடி அடுப்பங்கரையில், கேனுக்குப் பக்கத்திலேயே இருந்ததாக அஞ்சலாட்சி சொன்னாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தூறல். கேன் அனுப்பவில்லை.

நறுமுகை போனில், "தாத்தா, முருங்கைல பூவெல்லாம் கொட்டுது, பாவமா இருக்கு" என்றாள். "மழ வந்தா சரியாப் பூடும் கண்ணு" என்றேன். பின்னாலிருந்து அரசி, "ஏய், போனைக் குடுடீ" என்று பிடுங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளையை அவள் கொஞ்சம் அதட்டித்தான் வளர்க்கிறாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று அஞ்சலாட்சி என்னைப் பிடித்துக் கொண்டாள். கூட்டத்தில் பேசுவதை நான் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக் கொண்டிருந்தேன். அவள் அரிசி புடைத்துக் கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் நல்ல தண்ணின்னு சொல்ற ஆளு, இத்தினி வாரமா கேனை ஏன் அனுப்பல?"

"கூட்டம், மூடி, மழை..."

"நாக்கு கூசாமப் பேசாதீங்க. தூறலுக்கெல்லாம் நிக்கிற ஆளா நீங்க? புயல்லயே அனுப்புன ஆளு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவ பொண்ணக் கூப்புட்டுக் கேளுங்க. கேனு தண்ணிய என்னா பண்ணேன்னு கேளுங்க."

"என்னா கேக்கறது? குடிச்சா. வேற என்னா பண்ணுவா?"

"நீங்க கேக்க மாட்டீங்க" என்று எழுந்து, போனை எடுத்துக் கொண்டு கொல்லைக்குப் போனாள். வெகு நேரம் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிராம சபை. மேலத்தெரு முழுக்க வந்திருந்தது. வைத்திலிங்கத்தை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா ஓரமாக ஃபைலை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். தீர்மானம் ஒன்றே ஒன்று: போரை மூடி, கூட்டுக் குடிநீர் கேட்பதா வேண்டாமா?

டாக்டரம்மா பேசினார், யாரும் காது கொடுக்கவில்லை. தலைவர் என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்தேன்.

"பதினோரு வருசம். வாரம் ஒரு கேனு. எம் பொண்ணு தமிழரசி இதே தண்ணியத்தான்..."

"அப்பா."

பெண்கள் பக்கத்திலிருந்து குரல். ஒன்பதரை பஸ்ஸில் வந்திருக்கிறாள். எழுந்து நின்றாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள். சின்ன வயதில் அடி வாங்கப் போகும்போது இப்படித்தான் செருகிக் கொள்வாள்.

"நான் அந்தத் தண்ணிய குடிக்கலப்பா."

மைக் கீச்சென்று கத்தியது. நான் அதைப் பிடித்திருந்த பிடி அப்படி.

"மொத மாசம் ரெண்டு வாரம் குடிச்சேன். அப்பறம் முடியலப்பா. அங்க நல்ல தண்ணி பழகினதுக்கப்பறம் இதுல ஒரு வாசம் தெரிஞ்சுது. பழய ட்ரங்குப் பொட்டியத் தொறந்தா வருமே, அந்த வாசம். இங்க இருந்தப்போ எனக்குத் தெரியவே இல்ல. அவுங்களும் குடிக்க மாட்டேன்னுட்டாங்க. கீழ ஊத்த மனசு வரல. அதனால மரத்துக்கு ஊத்துனேன்."

"எந்த மரத்துக்கு?" என்று கேட்டேன், மைக்கிலேயே.

"முருங்க மரத்துக்கு."

யாரோ ஒரு கிழவி க்ளுக் என்றாள். அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. தலைவர் சிரித்தார், வைத்திலிங்கம் சிரித்தான், சிரித்து இருமினான். பதினொரு வருடமாக நான் முழம் போட்டுச் சப்பிய காயெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் வைத்திலிங்கம் கையைத் தூக்கினான். "இப்ப புரியுதா? அந்தப் பொண்ணு குடிக்கல, நல்லாருக்கு. நான் குடிச்சேன்" என்றான். உரக்கக்கூடச் சொல்லவில்லை. மைக் தேவைப்படவில்லை.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐந்து வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கிப் போனது. பாயசம் வைத்த அன்றைக்குக்கூட அது இறங்கவில்லை, அதை இங்கே நான் எழுதவில்லை. கூட்டம், மூடி, தூறல் என்று எழுதியதெல்லாம் பொய். இன்னொரு சொட்டு அவள் தொண்டையில் இறங்கக் கூடாது என்றுதான் அனுப்பவில்லை. ஊருக்கு நல்ல தண்ணீர் என்று சொன்ன வாயாலேயே அந்தப் பொய்களையும் சொன்னேன். வைத்திலிங்கம் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்தவனும் நான்தான்.

மைக்கில் சொன்னேன்: "எம் பொண்ணு சொன்னதுதான் சரி. நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கறேன். போரை மூடுங்க. நானே மூடறேன்."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்து அரசியின் பெயரைப் பழைய இடத்திலிருந்து அடித்து, வெளியூர் போய் நோயில்லாமல் இருக்கும் பெண்களின் பத்தியில் எழுதினார். முப்பத்தெட்டாவது பெயர். தீர்மானம் நிறைவேறியது. மதியம் போருக்கு வால்வு மாட்டி, ஸ்பானரால் இறுக்கினேன். கடைசிச் சுற்று வரைக்கும் தண்ணீர் பீறிட்டு என் சட்டையை நனைத்தது. அப்புறம் நின்றது. இருபத்து நாலு வருடத்தில் முதல் முறையாக அந்த இடத்தில் சத்தம் இல்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

அரசி இரவு தங்கினாள். காலையில் காபி குடிக்கும்போது கேட்டேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிப்பா சொல்றது? ஒரு தடவ இங்க வந்தப்ப பஸ் ஸ்டாப்புல ஒங்களுக்குத் தெரியாம நின்னு பாத்தேன். கேனைத் தோள்ல வெச்சிக்கிட்டு, ஒரு பக்கமா சாஞ்சிக்கிட்டு நடந்து வர்றீங்க. சட்டையெல்லாம் நனஞ்சி போச்சி. அத பாத்தவளுக்கு எப்பிடிப்பா வாய் வரும், நான் குடிக்கறதில்லன்னு?"

"அதுக்குன்னு பதினோரு வருசமா?"

"ஒவ்வொரு வருசமும் போவப் போவ சொல்றது கஷ்டமாயிடுச்சிப்பா. வேணாம் வேணாம்னு எத்தினி தடவ சொன்னேன்? நீங்க பாசம்னு நெனச்சிக்கிட்டீங்க."

பாசம்தான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அஞ்சலாட்சி தோசை திருப்பிக் கொண்டே, "எனக்கு ரெண்டாவது வருசமே தெரியும்" என்றாள். தாயும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. காவடி விஷயத்தை அப்போதே சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது.

ஆகஸ்ட் 21

மறு பரிசோதனை. 2.0. குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏறாமல் நிற்பதே நல்ல சேதி என்றார் டாக்டரம்மா. அந்த முருங்கைக்காயைத் தின்றதால் ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். சிரித்துக் கொண்டே, "காயையும் வேணா பரிசோதிச்சுப் பாத்துடலாம், ஒண்ணு கொண்டாங்க" என்றார். இனி லாரித் தண்ணீர். கூட்டுக் குடிநீர்க் குழாய் வரும் வரைக்கும் கீழத்தெருக் கிணற்றிலிருந்தும் எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். பருப்பு ஆறு விசில்.

செருப்பு இன்று சரியாக இருந்தது, கால் வீக்கம்தான் வடிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பழக்க தோஷம். ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன், வெறும் கையோடு. பஸ் வந்தது. அய்யாதுரை ஒரு கேனை இறக்கி வைத்தான். வெள்ளைக் கேன், நம்முடையதுதான். நிறைந்திருந்தது.

"என்னா இது?"

"ஒங்க பொண்ணு ஏத்தி உட்டுச்சி. அவங்க ஊட்டுத் தண்ணியாம்."

மூடி மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, அரசியின் கையெழுத்து. 'அப்பா, இது குடிக்க. செடிக்கு ஊத்தக் கூடாது.'

அய்யாதுரை தூக்கி வரட்டுமா என்றான். வேண்டாம் என்று நானே தோளில் வைத்துக் கொண்டேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டு மறுபடி தூக்கினேன். வீட்டுக்கு வந்து டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நிறமே இல்லை. குடித்தேன். ருசியும் இல்லை, வாசமும் இல்லை. இதைக் குடிக்கவா அந்தப் பிள்ளை பதினொரு வருடம் பொய் சொன்னது என்று நினைத்துக் கொண்டே இன்னொரு டம்ளர் குடித்தேன்.

புதன்கிழமை கேனைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறுமனே அனுப்பக் கூடாது. காதில் என்ன கட்டுவது என்று அஞ்சலாட்சி இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தண்ணீர்: ஒன்பது டம்ளர். விருத்தாசலம். எல்லாம் நானே குடித்தேன்.